சுவருக்குள் வாசித்த மேளம்

வீட்டுப் பெட்டியில் வரும் இசை நேரில் கேட்கும் இசைக்கு ஈடாகுமா என்று யாராவது பேச்செடுத்தால் நான் அதில் கலந்துகொள்வதில்லை. ஈடான ஒரு காலையை நான் பார்த்திருக்கிறேன். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டே பார்த்தேன்.

அப்போது மண்டபத்துக்கு மேற்கே, தென்கடலைப் பார்த்த ஒரு சிறிய ஊரில் கிளைத் தபால் நிலையம் என் பொறுப்பில் இருந்தது. தினமும் காலையில் முத்திரையில் தேதியை மாற்றுகிறவனுக்கு நாள் மறப்பது கடினம். போதாததற்கு எனக்கு டைரி எழுதும் பழக்கமும் உண்டு. காற்று எந்தப் பக்கம், எத்தனை வள்ளங்கள் கடலுக்குப் போயின, எந்தப் புத்தகத்தை எத்தனாவது பக்கத்தில் மூடினேன் என்பது வரை அதில் இருக்கும். இதையும் அந்த டைரியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நயாபைசா வந்த வருஷம் எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது. அதற்கு இரண்டாவது வருஷத்து மார்கழியில் இது நடந்தது.

ஊர் கடலோரமாக நீண்டு கிடந்தது. கிழக்குக் கோடியில் கோயில். நடுவில் பள்ளிவாசலும், அதையொட்டி என் தபால் நிலையமும். மேற்குக் கோடியில் ஒரு பழைய பங்களா. கோயிலிலிருந்து பங்களாவுக்கு மணலில் நடந்தால் பத்து நிமிஷம் ஆகும்.

பங்களாவில் இருந்தவரை ஊரில் மலேயாக்காரர் என்பார்கள். கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இளம் வயதில் பினாங்குக்குப் போய், துறைமுகத்தில் மின்சாரப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். மனைவி இல்லை. பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவருக்கு இரண்டே ஆசைகள்: நாகசுரம் கேட்பது, அதை எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வீட்டிலேயே கேட்பது. பினாங்கிலிருந்து அவருக்கு மாதம் ஒரு பத்திரிகை வரும். அட்டையில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்திருக்கும். எதிரே ஒரு பெட்டி. கச்சேரி மண்டபமே உங்கள் கூடத்துக்கு வந்துவிடும் என்று கீழே எழுதியிருக்கும். பத்திரிகையை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுக்கும்போது ஒருநாள், “இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்டேன். அந்தக் கேள்விதான் என்னை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தது.

“நடக்குமா நடக்காதான்னு நீங்களும் நானும் பேசிப் பிரயோசனமில்லை. நமக்கு ரெண்டு பேருக்கும் ஆசைக்காது. ஆசையில்லாத காது ஒண்ணு வேணும்” என்றார் அவர்.

அந்தக் காது எங்கள் ஊரில் ஒருவரிடம் இருந்தது. அவர் ஒரு வள்ளத்தின் தண்டல். வள்ளத்தின் சுக்கானைப் பிடித்து நடத்துகிறவரைத் தண்டல் என்பது வழக்கம். ஐந்து வேளைத் தொழுகையும் தவறாத முஸ்லிம் பெரியவர். அறுபது வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் இரண்டு கண்களிலும் பூ விழுந்திருந்தது. எதிரில் வருகிறவரின் உருவம் தெரியுமே தவிர முகம் தெரியாது. செருப்புச் சத்தத்தை வைத்தே எங்கள் எல்லோரையும் அடையாளம் சொல்லிவிடுவார்.

கண் மங்கிய மனிதரிடம் எப்படிச் சுக்கானை விட்டிருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் பனி. கரைக்கு எதிரே, முந்நூறு அடி தூரத்தில், தண்ணீருக்கடியில் ஒரு பவளப் பாறைத் தொடர் கிடக்கிறது. அதைப் பார் என்பார்கள். கரைக்கு இணையாக நீளமாக ஓடும் அந்தப் பாரில் ஒரே ஓர் இடத்தில்தான் வள்ளம் நுழைகிற அளவுக்குத் திறப்பு உண்டு. அது கோயிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. மற்றக் காலங்களில் பாரில் அலை உடையும். வெள்ளையாகவும் தெரியும், காதிலும் விழும். வாடைக்காற்றுக் காலத்தில் தென்கடல் குளம்போல் அசையாமல் கிடக்கும். அலையும் இல்லை, சத்தமும் இல்லை. அதோடு மார்கழியில் விடியும் நேரத்தில் பனி இறங்கிவிட்டால், எதிரே நீட்டிய கை தெரியாது. அந்த நேரத்தில்தான் இரவுத் தொழிலுக்குப் போன வள்ளங்கள் திரும்பும். மண்டபம் போகிற மீன் வண்டி பொழுது புலர்ந்ததும் புறப்பட்டுவிடும் என்பதால் காத்திருக்கவும் முடியாது.

நல்லவேளையாக மார்கழி விடியலில் கோயிலில் ஒரு மணி நேரம் மேளம் வாசிப்பார்கள். வாடைக்காற்று அதைக் கடலுக்குள் தூக்கிக்கொண்டு வரும். மேளத்தை வள்ளத்தின் மூக்குக்கு நேரே வைத்துத் தண்டு வலித்து, அதாவது துடுப்புப் போட்டு, வந்தால் திறப்புக்குள் நுழைந்துவிடலாம். எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். ஆனால் தண்டல் வருகிற மாதிரி யாராலும் வர முடியாது. பனி நாட்களில் அவருடைய வள்ளம் முன்னால் வர, மற்ற மூன்றும் அதன் தண்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். “பனி எறங்கிட்டா எல்லாக் கண்ணும் பூ விழுந்த கண்ணுதான்” என்பார் அவர்.

வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி கீழக்கரையில் இருந்தார். தண்டலின் கண்ணைப் பற்றி அவர் காதுக்குச் செய்தி போயிருந்தது. கார்த்திகை பிறந்த முதல் வெள்ளி, ஜும்மா முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, தபால் நிலைய வாசலில் நின்று இருவரும் பேசியதை நான் உள்ளேயிருந்தே கேட்டேன். மூத்தவரைக் காக்கா என்று அழைப்பது அவர்கள் வழக்கம்.

“ஒம்ம மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல காக்கா. ஆனா ஏழு உசுரு அதுல போகுது.”

“எனக்கும் எண்ணத் தெரியும் தம்பி.”

“இந்தப் பனிக்காலம் ஒம்ம காதை நம்பி விடுறேன். வள்ளம் ஒரு தடவை தட்டுச்சுன்னாலும் சுக்கான் ஒம்ம மருமவன் கைக்குப் போயிரணும்.”

“தட்டாது.”

“தட்டுனா?”

“தட்டுனா நீரு சொல்ற வரைக்கும் உக்காந்திருக்க மாட்டேன். நானே எந்திரிச்சிருவேன்.”

அந்த வள்ளத்தில் சுக்கான் பிடிப்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்பது ஊர் அறிந்த விஷயம். கரையில் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். கடலில் அவர்தான் எல்லோரையும் கூட்டி வருவார்.

மலேயாக்காரர் இந்தத் தண்டலைத்தான் தன் பெட்டிக்கு நீதிபதியாக்கினார். முதல் தடவை ஆடி மாதம். கிராமபோன் தட்டு வைத்துக் கேட்கிற ரேடியோகிராம் ஒன்று அவரிடம் இருந்தது. தண்டலைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு நாகசுரத் தட்டைப் போட்டார். தட்டு முடிய மூன்று நிமிஷம் கூட ஆகாது.

“எப்படி?” என்றார் மலேயாக்காரர்.

“சொன்னாக் கோவிச்சுக்குவீய.”

“மாட்டேன். சொல்லும்.”

“நாயனக்காரரைத் தகர டப்பாக்குள்ள போட்டு மூடி, மேல ஏறி நீங்க உக்காந்திருக்கீய. மூச்சு முட்டுது அவருக்கு. எறங்குங்க.”

மலேயாக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா காகிதத்தில் ஓடுவது தண்டலுக்குக் கேட்டுவிட்டது. “போஸ்டு மாஸ்டர் அய்யா, இதையும் எழுதிட்டீயளா? நான் தும்முனா அதுக்கும் ஒரு வரி உண்டு போல” என்றார்.

ஆவணியில் கப்பலில் ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. தட்டில் இருப்பது யாரோ எங்கேயோ வாசித்தது, அதை வைத்துத் தண்டல் ஒப்பிட முடியாது என்று சொல்லி, எங்கள் கோயில் மேளத்தையே மலேயாக்காரர் பதிவு செய்தார். நாகசுரம் ஒருவர், சுருதிக்கு ஒத்து ஊத அவர் தம்பி, தவிலுக்கு அவர் சித்தப்பா மகன்; ஒரே குடும்பம். நாகசுரக்காரர் சுழலும் டேப்பை உற்றுப் பார்த்துவிட்டு, “இனிமே எனக்குச் சளி பிடிச்சா இதைக் கொண்டாந்து கோயில்ல வெச்சுட்டு நான் படுத்துக்கலாம் போல” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதைக் கேட்ட தண்டல், “ஆளு நம்மாளுதான். ஆனா கூடவே ஒரு வண்டு கத்துதே” என்றார். எங்கள் யாருக்கும் வண்டு கேட்கவில்லை. மின்சாரத்திலிருந்து வருகிற இரைச்சல் அது. மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து மலேயாக்காரர் அதைக் கண்டுபிடித்துப் போக்கினார். அந்த வாரங்களில் தண்டலின் மனைவி என்னிடம் மணியார்டர் விஷயமாக வந்தவர் சொன்னார்: “வீட்டுல நான் மூணு தடவை கூப்பிட்டாலும் அந்த மனுசனுக்குக் கேக்காது. பெட்டிக்குள்ள வண்டு கத்துறது மட்டும் கேக்குது. அந்த வண்டைக் கொண்டாந்து எனக்குக் குடுங்க, நானும் அது மாதிரியே கத்துறேன்.”

வண்டு போனதும் வேறு குறை வந்தது. “தவில்ல எடது கை கம்படி இருக்கே, அது காதுல விழுறது கொஞ்சம், மண்ணு வழியா வந்து உள்ளங்கால்ல ஏறணும். இதுல ஏற மாட்டேங்குது.” அதற்காகப் புரட்டாசியில் மலேயாக்காரர் கொத்தனாரை வைத்துக் கூடத்தின் வடக்குச் சுவரைக் குடைந்தார். ஒலிபெருக்கியை உள்ளே ஆழத்தில் பொருத்தி, அதற்கு முன்னால் செங்கல்லும் சுண்ணாம்புமாக வளைந்து வளைந்து விரிகிற ஒரு குழாயைக் கட்டினார். சுவரில் அதன் வாய் ஆள் உயரத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே விளக்கைக் காட்டினாலும் முடிவு தெரியாது. ஐப்பசி மழை முழுவதும் அது உலரவில்லை. அந்த வாயிலிருந்து ஈரக் காற்று வந்துகொண்டே இருந்தது. நான் போகும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டி உட்காராதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். இதையும் டைரியில் எழுதியிருக்கிறேன், காரணம் எழுதவில்லை.

அந்தச் சுவருக்கு எதிரே, தெற்கில், கடலைப் பார்த்து நான்கு பெரிய கதவுகள். அவற்றைத் திறந்துவிட்டால் கூடமே குழாயின் தொடர்ச்சியாக ஆகிவிடும்.

கார்த்திகையில் மேளத்தை மறுபடியும் பதிவு செய்தார்கள். “நீங்க கோயிலுக்குள்ள நின்னு கேட்டதைப் பிடிச்சிருக்கீய. நான் அங்கனயா நிக்கிறேன்? வெளிய இருந்துல்ல கேக்குறேன்” என்று தண்டல் சொன்னதால், இம்முறை கோயிலிலிருந்து நீளமாகக் கம்பி இழுத்து, கடல் மணலில் மைக்கை நட்டார் மலேயாக்காரர். நாகசுரக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒத்து மட்டும் ஒரு கணம் தனியாகக் கேட்கும். அது கூட அப்படியே விழுந்தது.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் அதைக் கதவுகள் திறந்த கூடத்தில் போட்டோம். பாதியில் கோயில் நாய் வந்தது. பூஜை முடிந்ததும் குருக்கள் போடும் சோற்றுக்காக மேளம் கேட்டதும் கோயில் வாசலுக்கு ஓடுகிற நாய் அது. பங்களாப் படியேறி, கூடத்துக்குள் வந்து, சுவரின் வாய்க்கு எதிரே உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டே காத்திருந்தது. டேப் முடிந்து வெகுநேரம் ஆகியும் போகவில்லை. மலேயாக்காரருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. நானும் சந்தோஷப்பட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் தண்டலைக் கடற்கரையில் இருநூறு அடி தள்ளி நிறுத்தினோம். கேட்டு முடிந்ததும் அவர் வழக்கமாகச் சொல்கிற கேலி எதுவும் வரவில்லை. காலை மணலில் தேய்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன தண்டல்?”

“இன்னைக்குச் சந்தேகமா இருக்கு.”

“பெட்டின்னு தெரியலையா?”

“நீங்க போடுறீயன்னு தெரிஞ்சு நிக்கிறேன். அதனால பெட்டிங்கிறேன். இல்லைன்னா என்ன சொல்லியிருப்பேனோ.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “எனக்கு இது பிடிக்கல அய்யா.”

நல்ல வேலைக்காரர் தன் தோல்வியை ஒப்புக்கொள்கிற விதம் அது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அதற்குப் பிறகு தண்டல் பங்களாப் பக்கம் வரவில்லை. மலேயாக்காரருக்கோ திருப்தியில்லை. “சந்தேகம் தீர்ப்பாகாது. தெரிஞ்சு கேட்டா அப்படித்தான் இருக்கும். தெரியாமக் கேக்கணும்” என்று என்னிடம் பலமுறை சொன்னார்.

மார்கழி பிறந்து இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை பகலில், நாகசுரக்காரரின் பெரியப்பா ஆர்.எஸ்.மங்கலத்தில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. தந்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். ஒரே குடும்பம் என்பதால் மூன்று பேருக்கும் தீட்டு. தீட்டுக் கழியும் வரை கோயிலில் மேளம் இல்லை. மூவரும் மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டார்கள். வள்ளங்கள் அன்று தூரத்துத் தொழில் என்பதால் அதற்கு முன்பே, காலையிலேயே, தீவுகளுக்கு அப்பால் போய்விட்டிருந்தன. அவர்களுக்குச் சொல்ல வழியில்லை.

சாயங்காலம் மலேயாக்காரர் தபால் நிலையத்துக்கு வந்தார். அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

“நாளைக்குக் காலைல கோயில்ல மேளம் கிடையாது. தண்டல் கடல்ல இருக்காரு. அவருக்கு இது தெரியாது. நான் போட்டுப் பாக்கட்டுமா?”

நான் யோசித்தேன். யோசித்து நான் சொன்ன வாக்கியம் டைரியில் இருக்கிறது. “போடுங்க. பாவம், பனியா இருந்தா சத்தமில்லாம எப்படி வருவாங்க? அவங்களுக்கும் உதவியாப் போகும்.”

இரண்டு படித்த மனிதர்கள். ஒருவர் மின்சாரத்தை அறிந்தவர். இன்னொருவர் ஒலியைப் பற்றி நூலகத்தில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தவர். மூச்சு, ஒத்து, கம்படி, தூரம், இரைச்சல் எல்லாவற்றையும் ஐந்து மாதம் எடைபோட்டவர்கள். அந்த மேளம் எங்கே நின்று வாசிக்கப்படுகிறது என்பதை மட்டும் நாங்கள் ஒருமுறை கூடப் பேசியதில்லை. தண்டலும் அதைச் சொன்னதில்லை. கோயில் இடம் மாறாது என்பதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை சுபுஹுத் தொழுகைக்கான பாங்கு முடிந்ததும் புறப்பட்டேன். பனி பள்ளிவாசல் மினாராவின் பாதிவரை இறங்கியிருந்தது. பங்களாவில் கதவுகள் நான்கும் திறந்து கிடந்தன. பனி கூடத்துக்குள்ளேயே வந்திருந்தது. மலேயாக்காரர் குளித்து, திருநீறு பூசி, துவைத்த வேட்டி கட்டி நின்றார். ஐந்து நாற்பதுக்கு டேப்பைச் சுழல விட்டார்.

நான் வெளியே போய் மணலில் நின்றேன். முன்பு ஒருநாளும் கேட்காத அளவுக்கு அன்று அது நன்றாக இருந்தது. பனியின் ஈரமோ, காற்று அடங்கிக் கிடந்ததோ தெரியாது. உள்ளங்காலில் தவில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டேன், கோயில் வாசலில் நிற்பது போலவே இருந்தது. எனக்கு உடல் சிலிர்த்தது. அது சந்தோஷத்தால் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கடலுக்குள்ளிருந்து தண்டு வலிக்கும் சத்தம் கேட்டது. மலேயாக்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

“வர்றாரு! கேட்டுட்டு வர்றாரு! நேரா வர்றாரு பாத்தீங்களா?”

நேராகத்தான் வந்தார். சத்தம் இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. எங்களுக்கு நேர் எதிரே, சீராக, நெருங்கி நெருங்கி வந்தது. தண்டல் வள்ளத்தில் யாரோ ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தது கூடக் கேட்டது. அந்தச் சிரிப்பு இவ்வளவு பக்கத்தில் ஏன் கேட்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அவர்கள் கோயிலுக்கு எதிரே அல்லவா இருக்க வேண்டும்? நான் பங்களாவுக்கு முன்னால் அல்லவா நிற்கிறேன்?

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். “டேப்பை நிறுத்துங்க!”

“ஏன்? இன்னும் ஒரு நிமிஷத்துல கரைக்கு வந்திருவாரு” என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிழக்கே கோயில் இருக்கும் திசையைப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. அதற்குள் கட்டை முறிகிற சத்தம் வந்துவிட்டது.

அது பெரிய சத்தமாக இல்லை. கதவைத் தாழிடுவது போல ஒன்று. பிறகு நீண்ட ஓர் உராய்வு. பிறகு ஆட்களின் கூச்சல். நாங்கள் இருவரும் தண்ணீரை நோக்கி ஓடினோம். யாரும் கூடத்துக்குப் போகவில்லை. அதனால் டேப் முடியும் வரை மேளம் வாசித்துக்கொண்டே இருந்தது. கடலில் ஆட்கள் அலற, பின்னால் அந்தச் சுவர் மங்களமாக வாசித்துக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த மூன்று வள்ளங்களும் கூச்சலைக் கேட்டு நின்றுவிட்டதால் தப்பின. தண்டலின் வள்ளத்தில் ஏழு பேரும் உயிரோடு கரையேறினார்கள். ஆனால் மூக்கில் நின்றவர், தட்டிய வேகத்தில் குதித்து, வள்ளத்துக்கும் பாருக்கும் நடுவில் காலைக் கொடுத்துவிட்டார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது.

தண்டலை மணலில் உட்கார வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் பார் கிழித்த கீறல். மருமகன் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். “மேளம் மூக்குக்கு நேராத்தானே இருந்துச்சு, மாமு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தண்டல் துண்டை விலக்கி, காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “காதும் போயிருச்சு எனக்கு” என்று மட்டும் சொன்னார்.

நான்தான் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து சொன்னேன். கோயிலில் இன்று மேளம் இல்லை, நீங்கள் கேட்டது பெட்டி, போடச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, தெரியாத கண்களால் என் முகத்தைத் தேடினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் பங்களாவுக்குத் திரண்டது. மலேயாக்காரர் கதவை மூடவில்லை. வசவுகளை எல்லாம் நின்று கேட்டார். சிலர் கடப்பாரையோடு வந்தார்கள். அவரே வழிவிட்டு, “இடிங்க” என்றார். பள்ளிவாசல் பெரியவர்கள்தான் தடுத்து, சம்மாட்டி வரட்டும் என்றார்கள்.

சம்மாட்டி வியாழக்கிழமை வந்தார். உடைந்த வள்ளத்தைப் பார்த்தார். என்னை அழைத்து நேரங்களைக் கேட்டார். டைரியைப் பார்த்துச் சொன்னேன். அடிபட்டவரின் குடும்பத்தை ஆயுள் முழுக்கத் தான் பார்த்துக்கொள்வதாக மலேயாக்காரர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். கடைசியில் சம்மாட்டி தண்டலிடம் திரும்பினார்.

“காக்கா, இதுல ஒம்ம தப்பு ஒண்ணுமில்ல. மேளத்தைப் பிடிச்சு வந்தீரு, சரியாத்தான் வந்தீரு. வள்ளத்தைச் செப்பம் பண்ணித் தாரேன். சுக்கான் ஒம்மகிட்டதான்.”

கூட்டத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது போல இருந்தது. எனக்கும்தான். தண்டல் எழுந்து நின்றார்.

“அந்தப் பெட்டியை இன்னொருக்காப் போடச் சொல்லுங்க.”

யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டு மறுக்க முடியாது. மலேயாக்காரர் டேப்பைப் பூட்டினார். தண்டல் கூடத்துக்குள் வரவில்லை. மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இடுப்பளவு ஆழம் வரை போய், கடலைப் பார்த்து, கரைக்கு முதுகைக் காட்டி நின்றார். நல்ல வெயில். பாரின் மேல் அன்று மெல்லிய நுரை தெரிந்தது. முழு டேப்பையும், நாகசுரக்காரர் மூச்சு வாங்குகிற ஒவ்வோர் இடத்தையும், கடைசிவரை கேட்டார். பிறகு திரும்பி வந்தார்.

“பெட்டின்னு தெரிஞ்சு கேட்டேன். வெளிச்சத்துல கேட்டேன். குத்தம் கண்டுபிடிக்கணும்னே கேட்டேன்” என்றார். “ஒண்ணுமில்ல.”

“அதனால என்ன காக்கா? இனிமே அதைப் போட மாட்டாங்க. இன்னைக்கே செவுத்தை அடைச்சிருவோம்” என்றார் சம்மாட்டி.

“இந்தச் செவுத்தை அடைப்பீரு. நாளைக்குப் பனிக்குள்ள கோயில்ல மேளம் கேட்டாக்க, அது கோயிலா இல்ல இன்னொரு செவுறான்னு நான் நெனைப்பேனே, அந்த நெனைப்பை எதை வெச்சு அடைப்பீரு? ஒரு நொடி நான் நெனைச்சாப் போதும், சுக்கான் ஒரு நொடி ஆடும். ஏழு உசுருன்னு நீருதான் சொன்னீரு.” மருமகன் பக்கம் கையை நீட்டினார். “ஏலே, கூட்டிட்டுப் போ.”

சுவரை அன்றே அடைத்தார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்த நாகசுரக்காரரிடம் நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் தன் மார்பைத் தொட்டுக்கொண்டார். “நான் தீட்டுல உக்காந்திருக்கேன். என் மூச்சு இங்கன வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கு” என்றார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் யாருக்கும் பதிவு செய்ய இசையவில்லை.

மலேயாக்காரர் பங்களாவை விற்கவில்லை. ஆனால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தில் நான் முத்திரை குத்தினேன்.

மறுவருஷம் மார்கழியில் சுக்கான் மருமகன் கையில் இருந்தது. முதல் பனி இறங்கிய காலையில் கோயிலில் மேளம் வழக்கம்போலத் தொடங்கியது. அந்த மூவரும் நன்றாகவே வாசித்தார்கள். நான் வாசலில் நின்று, அவர்கள் கன்னம் உப்புவதையும் கம்பு விழுவதையும் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டேன். ஒரு மணி நேரம் வாசித்தார்கள். வள்ளம் எதுவும் வரவில்லை. மேளம் கேட்டும் பாருக்கு வெளியே நான்கு வள்ளங்களும் நங்கூரம் போட்டு நின்றுவிட்டன என்பது பொழுது ஏறிப் பனி விலகிய பிறகுதான் தெரிந்தது. மீன் வண்டி போயே போய்விட்டது.

தண்டல் அந்த நேரம் முழுவதும் பள்ளிவாசலுக்கு எதிரே மணலில் நின்றிருந்தார். மேளம் முடிந்ததும் யாரிடமோ, “வந்துட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றார்கள்.

“நல்லது” என்றார்.